யூஎஸ்பி கேமராவில் படமோ இணைப்போ கெட்டால்: அறிகுறியைக் கொண்டு சரிசெய்யும் முறை

யூஎஸ்பி கேமரா வேலை செய்யவில்லை என்று என்னிடம் வருபவர்களில் பலர், வருவதற்கு முன்பே டிரைவரை, அதாவது கேமராவைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருளை, இரண்டு மூன்று முறை நீக்கி மீண்டும் நிறுவியிருப்பார்கள். சிலர் விண்டோஸையே புதிதாக ஏற்றிப் பார்த்திருப்பார்கள். ஆனால் கேமரா மட்டும் அதே போர்ட்டில், அதே கேபிளில், ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் அதே ஹப்பின் பின்னால் மாட்டியபடியே இருக்கும். இந்தப் பழுதுகளைத் தொடர்ந்து பார்த்து வந்ததில் நான் கண்டது, கோளாறு கேமராவுக்குள் இருப்பதைவிட, கேமராவுக்கும் கணினிக்கும் இடையிலுள்ள பாதையில் இருப்பதே அதிகம் என்பதுதான். ஆகவே கீழே உள்ளவற்றில் எந்த அறிகுறி தெரிந்தாலும் முதலில் பாதையை மாற்றிப் பாருங்கள். அடுத்து செட்டிங்ஸைப் பாருங்கள். அதற்கும் பிறகு டிரைவரையும், எல்லாம் முடிந்தபின் கேமராவையும் சந்தேகப்படுங்கள்.

வேலையைத் தொடங்குமுன், நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த இன்னொரு கேபிள், இன்னொரு கணினி, ஒரு கைவிளக்கு ஆகிய மூன்றும் பக்கத்தில் இருப்பது நல்லது. சோதனையை வீடியோ அழைப்புச் செயலியில் செய்யாதீர்கள். விண்டோஸில் உடன் வரும் ‘கேமரா’ செயலி, மேக்கில் ஃபோட்டோ பூத் அல்லது குயிக்டைம் பிளேயர், லினக்ஸில் சீஸ் போன்ற எளிய செயலி ஒன்றில் செய்யுங்கள். அழைப்புச் செயலிகள் இணைய வேகத்துக்கு ஏற்பப் படத்தைச் சுருக்குவதால், கேமராவின் குறையா இணையத்தின் குறையா என்று அவற்றில் பிரித்தறிய முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றிவிட்டால், படம் வந்தபின் எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும்.

## கணினி கேமராவைக் கண்டுகொள்ளவே இல்லை

### மாட்டினால் எந்தச் சத்தமும் இல்லை, எந்த மாற்றமும் இல்லை

கேமராவின் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். பல கேமராக்களில் அந்த விளக்கு படம் ஓடும்போது மட்டுமே எரியும். மாட்டும்போது கணினி எழுப்பும் ஒலியும், விண்டோஸில் மாட்டிய சாதனங்களைக் காட்டும் டிவைஸ் மேனேஜரின் பட்டியல் ஒரு முறை புதுப்பிக்கப்படுவதுமே நம்பத்தக்க அடையாளங்கள்.

ஹப், நீட்டிப்புக் கேபிள், மானிட்டரில் உள்ள போர்ட் எல்லாவற்றையும் விலக்கிவிட்டுக் கேமராவை நேராகக் கணினியில் மாட்டுங்கள். மேசைக் கணினியாக இருந்தால் பின்புறத்துப் போர்ட்டில் மாட்ட வேண்டும். அவை மதர்போர்டிலேயே பொருத்தப்பட்டவை. முன்புறத்துப் போர்ட்டுகளோ கேபினெட்டுக்குள் ஓடும் தனி வயர் ஒன்றின் வழியாகச் செல்கின்றன. அந்த வயர் பல கணினிகளில் தரம் குறைந்ததாக இருக்கிறது. அந்தப் போர்ட்டில் ஒரு பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். அதுவும் தெரியவில்லை என்றால் பழுது போர்ட்டில் இருக்கிறது, கேமராவை விட்டுவிடலாம்.

கேபிளைத் தனியாகக் கழற்றக்கூடிய கேமராவாக இருந்தால், அந்தக் கேபிள் சார்ஜ் செய்வதற்கு மட்டுமானதா என்று பார்க்க வேண்டும். அத்தகைய கேபிளில் மின்சாரத்துக்கான கம்பிகள் உண்டு. தரவு போகும் கம்பிகள் இல்லை. கேமராவுக்கு மின்சாரம் கிடைத்துவிடும், சிலவற்றில் விளக்குகூட எரியும், ஆனால் கணினிக்கு எதுவும் தெரியாது. அதே கேபிளில் ஒரு கைபேசியைக் கணினியுடன் இணைத்து, கோப்புகளை மாற்ற முடிகிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும். கேமரா பழுது என்று ஒதுக்கி வைத்திருந்தவற்றில் சிலவற்றை, வேறு ஒன்றுமே செய்யாமல், இந்தக் கேபிளை மட்டும் மாற்றித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு கணினிகளிலும் இரண்டு கேபிள்களிலும் அசைவே இல்லை என்றால், கேமராவின் சாக்கெட்டில் ஈயப்பற்று விட்டிருக்க வேண்டும் அல்லது உள்ளே சர்க்யூட் போயிருக்க வேண்டும். அது பழுதுபார்ப்பவரின் வேலை. கருகிய வாடை வந்தாலோ, கேமரா கை வைக்க முடியாதபடி சுட்டாலோ, தண்ணீர் பட்டிருந்தாலோ இன்னொரு முறை மாட்டிப் பார்க்கவே வேண்டாம். அது கணினியின் போர்ட்டையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும்.

### ‘அறியப்படாத யூஎஸ்பி சாதனம்’ அல்லது கோட் 43 என்று வருகிறது

ஏதோ மாட்டப்பட்டிருக்கிறது என்பது கணினிக்குத் தெரிகிறது, ஆனால் அது தன்னை யார் என்று சொல்லி முடிக்கவில்லை என்பதே இதன் பொருள். கேபிளில் கம்பி உள்ளே அறுந்திருப்பதுதான் நான் அதிகம் பார்த்த காரணம். பிளக்கின் கழுத்தும், கேமராவுக்குள் கேபிள் நுழையும் இடமுமே பெரும்பாலும் அறும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த இரண்டு இடங்களிலும் கேபிளை மெதுவாக வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது பட்டியலில் கேமராவின் பெயர் தோன்றி மறைந்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

கேபிள் சரியாக இருந்தால், கேமராவைக் கழற்றி, கணினியை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டு மீண்டும் தொடங்குங்கள். கணினி அணைந்திருக்கும்போதும் பல யூஎஸ்பி போர்ட்டுகளுக்கு மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். மேலும், விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் அது முழுமையாக அணைவதில்லை. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

டிரைவரின் முறை இதற்குப் பிறகுதான் வருகிறது. இன்றைய யூஎஸ்பி கேமராக்களில் பெரும்பாலானவை யூவிசி என்னும் பொது விதியைப் பின்பற்றுவதால், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஏற்கெனவே உள்ள டிரைவரே அவற்றுக்குப் போதும். தயாரிப்பாளரின் பழைய டிரைவர் ஒன்று குறுக்கே நின்று தடுப்பதும் உண்டு. டிவைஸ் மேனேஜரில் கேமராவை ‘அன்இன்ஸ்டால்’ செய்து, அதன் டிரைவரையும் நீக்கச் சொல்லும் பெட்டியில் குறியிட்டு, மீண்டும் மாட்டினால் விண்டோஸ் தன்னுடைய ‘யூஎஸ்பி வீடியோ டிவைஸ்’ டிரைவரை ஏற்றிக்கொள்ளும். டிரைவர்களைத் தானாகத் தேடிப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை இதற்காகத் தயவுசெய்து நிறுவாதீர்கள். அவை கொண்டுவரும் தொல்லையை நீக்க, கேமராவைச் சரிசெய்ய ஆகும் நேரத்தைவிட அதிக நேரம் ஆகும்.

### டிவைஸ் மேனேஜரில் இருக்கிறது, செயலியில் தெரியவில்லை

இங்கே கேமராவும் கேபிளும் குற்றமற்றவை, அனுமதிதான் இல்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் கேமராவைத் திறந்தால் மூன்று பொத்தான்கள் இருக்கும். கேமரா அணுக்கம் முழுவதற்குமானது ஒன்று, செயலிகளுக்கானது ஒன்று, டெஸ்க்டாப் செயலிகளுக்கானது ஒன்று. மூன்றாவது பொத்தான் பக்கத்தின் அடியில் இருப்பதால் பலர் அதைக் கவனிப்பதில்லை; பிரவுசரும் பல அழைப்புச் செயலிகளும் அதன் கீழ்தான் வருகின்றன. மேக்கில் அனுமதி கொடுத்தபின் அந்தச் செயலியை முழுவதுமாக மூடித் திறக்க வேண்டும். பிரவுசராக இருந்தால் முகவரிப் பட்டையின் ஓரத்தில் உள்ள குறியை அழுத்தி, அந்தத் தளத்துக்குக் கேமரா மறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்காத தளங்களுக்கு இன்றைய பிரவுசர்கள் கேமராவைத் தருவதே இல்லை.

அலுவலகம் கொடுத்த கணினியில் இந்தப் பொத்தான்கள் சாம்பல் நிறமாகி அழுத்த முடியாமல் இருந்தால், அது நிர்வாகி போட்ட பூட்டு. அவரிடம்தான் கேட்க வேண்டும்.

## கேமரா இருக்கிறது, படம் கருப்பாக இருக்கிறது

லென்ஸின் மேல் தள்ளும் மூடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேமராவின் நிறத்திலேயே மூடியும் இருப்பதால், எதிரில் உட்கார்ந்து பார்க்கும்போது அது மூடியிருப்பது எளிதில் தெரியாது.

அடுத்து, செயலி எந்தக் கேமராவைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்து உள்ளே விடும் வசதி கொண்ட மடிக்கணினிகளில் அகச்சிவப்புக் கேமரா ஒன்று தனியாக இருக்கும். ஓபிஎஸ் ஸ்டுடியோ போன்ற வீடியோப் பதிவு மென்பொருள்கள் நிறுவப்பட்டிருந்தால் மெய்நிகர் கேமரா ஒன்றும் பட்டியலில் இருக்கும். செயலி இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கருப்புத் திரையைக் காட்டிக்கொண்டிருக்கலாம்.

விண்டோஸில் வழக்கமாக ஒரு கேமராவை ஒரு நேரத்தில் ஒரு செயலியே பயன்படுத்த முடியும். அழைப்பை முடித்துவிட்டு மூடியதாக நினைக்கும் செயலி, டாஸ்க்பாரின் ஓரத்தில் ஒளிந்துகொண்டு கேமராவை விடாமல் வைத்திருப்பது அன்றாடம் நடப்பது. அதை அங்கிருந்தே வெளியேற்றுங்கள். சில ஆன்டிவைரஸ் மென்பொருள்களிலும் கேமராப் பாதுகாப்பு என்று ஒன்று உண்டு; அது பிழை எதையும் காட்டாமல் வெறும் கருப்புப் படத்தை மட்டும் அனுப்பிவைக்கும்.

இவை எதுவும் இல்லை என்றால் கைவிளக்கை எடுத்து லென்ஸுக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். கருப்புத் திரையில் மங்கலாகவாவது ஒரு வெளிச்சம் நகர்ந்தால் ஒளியைப் படமாக்கும் சென்சார் உயிரோடு இருக்கிறது. எக்ஸ்போஷர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரம், கைமுறையில் மிகக் குறைவாக வைக்கப்பட்டுவிட்டது. கேமராவின் அமைப்புப் பெட்டியைத் திறந்து ‘டிஃபால்ட்’ கொடுத்தால் படம் திரும்பிவிடும். விளக்கைப் பிடித்தும் இரண்டு கணினிகளில் கருமை அப்படியே இருந்தால், சென்சாரோ அதை இணைக்கும் நாடாவோ போயிருக்கிறது. அதற்கு மேல் வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

## படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோகிறது

இந்த அறிகுறியில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். படம் நிற்கும் அந்த நொடியில் யூஎஸ்பி கழன்றதற்கான ஒலி கேட்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரிகிறது.

### கழன்ற ஒலி கேட்கிறது

மின்சாரம், கேபிள், போர்ட் என்னும் மூன்றில் ஒன்றுதான் காரணம்.

யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று ஒரு சாதனத்துக்கு 500 மில்லி ஆம்பியர் வரையும், 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் வரையும் கொடுக்கும்படி வகுக்கப்பட்டவை. தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் கேமரா, கீபோர்டு, வெளி ஹார்ட் டிஸ்க் மூன்றையும் மாட்டினால், மூன்றும் அந்த ஒரு போர்ட்டின் பங்கைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது கேமரா விழுவதை நீங்கள் கண்கூடாகப் பார்க்கலாம். வளைய விளக்கோ, தானே திரும்பும் மோட்டாரோ உள்ள கேமராக்கள் இன்னும் அதிகமாக இழுக்கும். நேராகக் கணினியில் மாட்டினால் அறுபடுவது நின்றுவிடுகிறது என்றால், தனி அடாப்டர் உள்ள ஹப்புக்கு மாறுவதே தீர்வு.

கேபிளின் நீளத்துக்கும் எல்லை உண்டு. யூஎஸ்பி 2.0க்கு அது 5 மீட்டர், 3.0க்கு நடைமுறையில் 3 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. கேமராவுடன் வந்த கேபிளின் நீளமும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கூட்ட அறையில் கேமரா அடிக்கடி அறுந்துகொண்டே இருந்தது. இரண்டு முறை புதுக் கேமரா வாங்கியும் அதே கதை. நான் போய்ப் பார்த்தபோது, கேமராவின் 2 மீட்டர் கேபிளோடு 5 மீட்டர் நீட்டிப்புக் கேபிள் ஒன்றைச் சேர்த்து, சேர்ந்த இடத்தில் கருப்பு டேப்பைச் சுற்றி, மேசைக் காலுக்கும் சுவருக்கும் நடுவே விட்டிருந்தார்கள். டேப்பைப் பிரித்தேன். நீட்டிப்பின் தகட்டு வாய் ஒரு பக்கம் விரிந்து, பிளக்குக்கும் அதற்கும் இடையே என் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. யாராவது மேசையில் கையூன்றினால் மேசைக்கால் கேபிளை அழுத்தும், பிளக் சாயும், படம் போய்விடும். கேமராவை நான் தொடவே இல்லை. சமிக்ஞையை இடையில் புதுப்பித்து அனுப்பும் ஆக்டிவ் நீட்டிப்புக் கேபிள் ஒன்றைப் போட்டு, சுவரோரமாக வேறு வழியில் கொண்டுபோனதும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. முன்பு கழற்றி வைத்த இரண்டு கேமராக்களும் இன்று வேறு அறைகளில் நன்றாக ஓடுகின்றன.

கேபிளிலும் குறை இல்லை, ஆனால் சிறிது நேரம் பயன்படுத்தாமல் விட்டபின் மட்டும் கேமரா காணாமல் போகிறது என்றால், மின்சாரத்தைச் சேமிப்பதற்காக விண்டோஸ் அந்தப் போர்ட்டை உறங்க வைக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை அணைத்துவிட்டு, டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு ‘யூஎஸ்பி ரூட் ஹப்’பின் பவர் மேனேஜ்மெண்ட் பக்கத்திலும் கணினி அதை அணைக்கலாம் என்று அனுமதிக்கும் குறியை எடுத்துவிடுங்கள்.

போர்ட்டில் பிளக்கைச் செருகி விரலால் லேசாக அசைக்கும்போது போர்ட்டே சேர்ந்து ஆடினால், மதர்போர்டில் அதன் ஈயப்பற்று விட்டுக்கொண்டிருக்கிறது. அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு வன்பொருள் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். மடிக்கணினியில் இதைத் தள்ளிப்போட்டால், பற்றோடு போர்டிலுள்ள செப்புத் தடமும் பெயர்ந்து வேலை பெரிதாகிவிடும்.

### ஒலி எதுவும் இல்லை, படம் மட்டும் உறைந்து நிற்கிறது

இணைப்பு அறவில்லை, தரவுதான் நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள்.

## படம் வெட்டி வெட்டி நகர்கிறது

யாரும் எதிர்பார்க்காத காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: வெளிச்சம் போதவில்லை. நொடிக்கு 30 படம் வர வேண்டும் என்றால் ஒரு படத்துக்கு நொடியில் 30இல் ஒரு பங்குக்கு மேல் கேமரா ஒளியை வாங்க முடியாது. அறை மங்கலாக இருக்கும்போது தானியங்கி எக்ஸ்போஷர் அந்த நேரத்தை 15இல் ஒரு பங்காக நீட்டிக்கொள்ளும். படங்களின் எண்ணிக்கை பாதியாகிவிடும். முகத்துக்கு நேராக ஒரு விளக்கைப் போடுங்கள். கையசைவு உடனே வழுக்கிக்கொண்டு ஓடினால் காரணம் அதுவே. விளக்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அல்லது கேமராவின் அமைப்பில் குறைவெளிச்ச ஈடுசெய்தலை அணைத்துவிடலாம், படம் கொஞ்சம் இருளும்.

வெளிச்சத்தால் மாற்றம் இல்லை என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமராக்கள் சுருக்காமல் அனுப்பும் வழக்கமான வடிவத்தில் ஒரு புள்ளிக்கு 16 பிட் ஆகும். 640க்கு 480 அளவில் நொடிக்கு 30 படம் என்றால் ஏறத்தாழ 147 மெகாபிட். 1280க்கு 720 என்றால் 442 மெகாபிட். 1920க்கு 1080 என்றால் 995 மெகாபிட். யூஎஸ்பி 2.0இன் வேகம் பெயரளவில் 480 மெகாபிட். கேமராவுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. ஆகவே சுருக்காத வடிவில் 720 அளவைக் கேட்டால் பல கேமராக்கள் நொடிக்கு 10 படம் மட்டுமே தரும். அது பழுதன்று, குழாயின் அகலம் அவ்வளவுதான். வீடியோ வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி செயலியில் இருந்தால் எம்ஜேபெக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒவ்வொரு படமும் கேமராவிலேயே சுருக்கப்பட்டு வருவதால் 1080 அளவுகூட யூஎஸ்பி 2.0இல் இடறாமல் வரும்.

3.0 கேமராவை 3.0 போர்ட்டில் மாட்டியும் மெதுவாகவே இருக்கிறது என்றால், அதைக் கழற்றி, ஒரே அழுத்தில் விரைவாகச் செருகிப் பாருங்கள். பழைய தட்டையான செவ்வக வகைப் பிளக்கில் 2.0க்கான ஊசிகள் முதலில் தொடும். மெதுவாகச் செருகும்போது கணினி 2.0 என்றே முடிவு செய்துவிடுவது உண்டு. நம்புவதற்குக் கடினமாக இருந்தாலும் பலமுறை பலித்திருக்கிறது.

### இரண்டாவது கேமராவை மாட்டியதும் ஒன்று நின்றுவிடுகிறது

ஒவ்வொரு கேமராவும் தொடங்கும்போதே தனக்கு வேண்டிய வழித்தடத்தை முன்பதிவு செய்துகொள்கிறது. முதல் கேமரா பெரும்பகுதியை எடுத்துக்கொண்டால், அதைப் பயன்படுத்தாவிட்டாலும், இரண்டாவதற்கு இடம் கிடைக்காது. லினக்ஸில் இதற்கு வரும் பிழைச்செய்தி ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று இருப்பதால், டிஸ்க் நிரம்பிவிட்டதென்று நினைத்துக் கோப்புகளை அழித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் செய்தி சொல்லும் இடம் யூஎஸ்பியின் இடம். கோப்புகளில் கை வைக்க வேண்டாம்.

இரண்டின் அளவையும் குறைத்து, இரண்டையும் எம்ஜேபெக்குக்கு மாற்றுவது செலவில்லாத வழி. அது போதவில்லை என்றால் இரண்டையும் வெவ்வேறு யூஎஸ்பி கன்ட்ரோலரில், அதாவது போர்ட்டுகளை நடத்தும் சிப்பில், மாட்ட வேண்டும். வெவ்வேறு போர்ட்டில் மாட்டினால் மட்டும் போதாது; நான்கு போர்ட்டுகளும் ஒரே கன்ட்ரோலரில் போய்ச் சேரலாம். டிவைஸ் மேனேஜரின் ‘வியூ’ பட்டியலில் இணைப்பு வாரியாகக் காட்டும்படி கேட்டால் எது எதன் கீழ் வருகிறது என்று கிளை கிளையாகத் தெரியும். ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் இருக்கிறது என்றால், மேசைக் கணினியில் யூஎஸ்பி விரிவாக்க அட்டை ஒன்றைச் சேர்ப்பது கடைசி வழி.

### படத்தின் கீழ்ப்பாதி சாம்பலாகிறது, கோடுகள் கிழிகின்றன, பச்சையாகிறது

கீழ்ப்பாதி சிதைந்தோ, கட்டம் கட்டமாக உடைந்தோ வந்தால் சுருக்கிய படத்தின் ஒரு பகுதி வழியிலேயே தொலைந்திருக்கிறது. அது கேபிளின் வேலை. நீட்டிப்பை விலக்குங்கள், வேறு கேபிளைப் போடுங்கள். படம் முழுவதும் ஒரே சீராகப் பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்தால் கேபிளை விட்டுவிட்டுச் செயலியைப் பாருங்கள். வேறு செயலியில் நிறம் சரியாக வந்தால், குறை உள்ள செயலியில், படவேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்துப் பார்க்கலாம். வீடியோ வடிவத்தை மாற்றிப் பார்க்கலாம். பிறகு கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கலாம்.

## படம் மங்கலாக இருக்கிறது

புதுக் கேமராவாக இருந்தால் லென்ஸின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பாதுகாப்புத் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். பழைய கேமராவாக இருந்தால் கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்து லென்ஸைச் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது பளிச்சென்று தெரிந்த கண்ணாடியில், விரல் ரேகையின் வளையங்கள் எண்ணெய்ப் படலமாகத் தெளிவாகத் தெரியும். கேமராவைத் திருப்பும்போதெல்லாம் கட்டைவிரல் அங்கேதான் படுகிறது. விளக்குகளைச் சுற்றிப் புகை போன்ற வளையம் படத்தில் தெரிந்தால் அது இந்த எண்ணெய்தான்.

முதலில் ஊதுகுமிழால் தூசியை ஊதிவிட வேண்டும். தூசியோடு சேர்த்துத் துடைத்தால் கீறல் விழும். பிறகு மைக்ரோஃபைபர் துணியில் லென்ஸ் திரவத்தை ஒரு துளி விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றித் துடையுங்கள். திரவத்தை லென்ஸின் மேல் நேரடியாக விட்டால் ஓரத்தின் வழியே உள்ளே இறங்கிவிடும். சட்டை நுனியாலும் காகிதத்தாலும் துடைக்க வேண்டாம்.

லென்ஸ் சுத்தமாக இருந்தும் மங்கல் என்றால் குவியம் (ஃபோகஸ்) சரியில்லை. லென்ஸைச் சுற்றிக் கைக்குத் திரும்பும் வளையம் இருந்தால், அச்சடித்த எழுத்துள்ள தாள் ஒன்றை நீங்கள் உட்காரும் தூரத்தில் பிடித்துக்கொண்டு எழுத்து கூர்மையாகும்வரை மிக மெதுவாகத் திருப்புங்கள். நிலையான குவியம் உள்ள கேமராக்கள் மிக அருகில் உள்ள பொருளைக் கூர்மையாகக் காட்டா. சற்றுப் பின்னால் நகர்வதே வழி. தானாகக் குவியும் கேமரா கூர்மைக்கும் மங்கலுக்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருந்தால், கேமராவின் அமைப்பில் தானியங்கிக் குவியத்தை அணைத்துவிட்டு ஒரு நிலையில் நிறுத்துங்கள். மங்கலான அறையில் இந்த ஊசலாட்டம் அதிகம் இருக்கும். அங்கும் விளக்குதான் முதல் மருந்து.

லென்ஸின் உட்புறத்தில் பனி படர்ந்தது போலத் தெரிந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. மின்சாரம் கொடுக்காமல், காற்றோட்டமான இடத்தில் முழுதாக உலர விடுங்கள். உலர்ந்தபின்னும் கறை நின்றால், லென்ஸைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். வீட்டில் கழற்றினால் சென்சாரின் மேல் தூசி இறங்கி, இருந்த குறையோடு இன்னொன்றும் சேரும்.

## படத்தில் பட்டைகள் ஓடுகின்றன, வெளிச்சம் சிமிட்டுகிறது

மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறையும், 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 120 முறையும் துடிக்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கேமராவின் அமைப்பில் மின் அதிர்வெண் அல்லது சிமிட்டல் தடுப்பு என்னும் இடத்தில் உங்கள் இடத்து மின்சாரத்துக்குரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தால் பட்டைகள் பெரும்பாலும் அந்த நொடியே மறைந்துவிடும்.

மறையவில்லை என்றால், எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பட்டை போய்விட்டால் குறை விளக்கில்தான். ஒளியைக் குறைத்துக் கூட்டும் எல்இடி விளக்கை முழு ஒளியில் வைத்துப் பாருங்கள். அப்படியும் துடித்தால் விளக்கையே மாற்ற வேண்டும். கேமராவுக்கு மிக அருகில் அளவுக்கு மீறிய வெளிச்சம் இருந்தாலும் இந்தப் பட்டை வரும். அந்த வெளிச்சத்துக்குக் கேமரா நொடியில் 100இல் ஒரு பங்குக்கும் குறைவாக ஒளியை வாங்குவதால், சிமிட்டல் தடுப்பு வேலை செய்ய இடமே இருக்காது. விளக்கைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

## நிறம் தவறாக இருக்கிறது, முகம் இருண்டிருக்கிறது

முகம் இருண்டு பின்னணி வெளுத்திருந்தால் உங்களுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கிறது. நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். முகம் நீலமாகவோ மஞ்சளாகவோ மாறிக்கொண்டே இருந்தால், திரையின் ஒளியைப் பார்த்துத் தானியங்கி வெண்சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) அலைகிறது. அதைக் கைமுறைக்கு மாற்றி, ஒரு வெள்ளைத் தாள் வெள்ளையாகத் தெரியும் வரை நகர்த்தி அப்படியே விடுங்கள்.

கருப்புத் துணி ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரிந்து, செடியின் பச்சை இலைகளும் வெளுத்திருந்தால் மட்டும் இது செட்டிங்ஸ் விஷயமன்று. அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் வடிகட்டி இல்லாத கேமரா அது, அல்லது இரவுப் பார்வை உள்ள கேமராவில் அந்த வடிகட்டி நகராமல் சிக்கியிருக்கிறது. இதை வெளியிலிருந்து சரிசெய்ய முடியாது.

## படம் வருகிறது, ஒலி வரவில்லை

கேமராவின் மைக்கைக் கணினி தனிச் சாதனமாகவே பார்க்கிறது; கேமராவைத் தேர்ந்தெடுத்தால் மைக்கும் கூடவே வந்துவிடாது. செயலியில் மைக்கைத் தனியாகத் தேர்ந்தெடுத்து, பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோனுக்கான அனுமதியையும் பாருங்கள். கேமராவுக்குள் மைக் உண்டா என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். மைக்கே இல்லாத கேமராக்களும் இருக்கின்றன.

## ஒரே இடத்தில் நகராத புள்ளி அல்லது கோடு

லென்ஸை உள்ளங்கையால் முழுதாக மூடுங்கள். இருட்டில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு புள்ளி ஒளிர்ந்தால் அது சென்சாரில் பழுதான பிக்சல். பிரகாசமான சுவரைப் பார்க்கும்போது மட்டும் கருநிழலாகத் தெரிந்தால் அது தூசி. லென்ஸின் வெளிப்பக்கத்துத் தூசி கூர்மையான புள்ளியாகத் தெரிவது அரிது. கூர்மையாகத் தெரிவது பெரும்பாலும் சென்சாரின் மேல் கிடப்பது. ஒற்றைப் பிக்சலோடு வாழ்ந்துவிடலாம். படத்தின் மேலிருந்து கீழ்வரை நீளும் கோடு எல்லாக் கணினியிலும், எல்லா அளவிலும் அதே இடத்தில் இருந்தால் சென்சார் போய்விட்டது. உத்தரவாதக் காலம் இருந்தால் திறக்காமல் அப்படியே திருப்பிக் கொடுங்கள். ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டால் உத்தரவாதம் கேள்விக்குள்ளாகும்.

பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகும்போது கேமராவை மட்டும் கொண்டுபோகாதீர்கள். வழக்கமாக மாட்டும் கேபிளும், ஹப் இருந்தால் அதுவும் கூடவே போக வேண்டும். எந்தெந்தப் போர்ட்டில், எத்தனை கணினிகளில் பார்த்தீர்கள் என்பதைத் தாளில் எழுதி, குறை தெரியும்போது எடுத்த ஒரு நிமிட வீடியோவைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டு வரும் கோளாறு, அவர் முன்னால் மேசையில் வைத்த நேரத்தில் வராமல் போவதுதான் வழக்கம்.